பிழைகளின் ஆண்டுவிழா

1979இல் ஃபெண்டர் நிறுவனம் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருக்கு வெள்ளிவிழா எடுத்தது. 1954இல் பிறந்த பிள்ளைக்கு வயது இருபத்தைந்து. உடம்பின் மேல்கொம்பில் ‘ஆனிவர்சரி’ என்று கறுப்பு எழுத்தில் பொறித்து, முத்துப்போல் மினுங்கும் வெள்ளை பூசி, கூடவே ஒரு சான்றிதழையும் வைத்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் கிட்டார்கள் திரும்பி வந்தன. வெள்ளைப் பூச்சு, கோடையில் காய்ந்த ஏரிப் படுகை மாதிரி வெடிப்பு விட்டிருந்தது. நிறுவனம் வெள்ளையைக் கைகழுவிவிட்டு வெள்ளி நிறத்துக்கு மாறியது. வெள்ளிவிழாவுக்கு வெள்ளி நிறம்தானே பொருத்தம் என்று சமாளித்துக்கொள்ளவும் வசதியாக இருந்திருக்கும்.

பதினாறு வருடம் போனது. 1995இல் அதே ஃபெண்டரின் கஸ்டம் ஷாப், ‘ரெலிக்’ என்று ஒரு வரிசையை வெளியிட்டது. புத்தம்புதுக் கிட்டாரை நாற்பது வருடம் புழங்கியதுபோல் ஆக்கித் தருவதுதான் அதன் சிறப்பு. ஆரம்பத்தில் இந்த வேலையை மிசௌரி மாநிலத்தில் வின்ஸ் குனெட்டோ என்பவர் செய்து கொடுத்தார். பூச்சில் வெடிப்பு, ஓரத்தில் தேய்மானம், திருகில் துரு, பிளாஸ்டிக்கில் மஞ்சள். அன்றைக்கு வெடிப்பு விட்டதால் கிட்டாரைத் திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கு வெடிப்பு இருந்தால்தான் விலை கூடுதல்.

இந்தக் கூத்தைப் புரிந்துகொள்ள, கிட்டார் வாசிக்கிறவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். “லிமிடெட் எடிஷன் சார், உலகத்துக்கே இத்தனைதான்.” “அந்தக் காலத்து அளவு, அப்படியே அந்தக் காலத்து சவுண்டு.” “தங்கம் மாதிரி சார், ஏறுமே தவிர இறங்காது.” கேட்க மூன்று பேச்சாக இருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கை. பழைய கிட்டாரில் ஏதோ ஒன்று இருந்தது. அதை அளந்து, வார்த்து, எண் போட்டு, சான்றிதழோடு பெட்டியில் அடைத்துத் திரும்பத் தந்துவிடலாம் என்ற நம்பிக்கை.

எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய கிட்டாரில் இருந்த நல்லதெல்லாம் எப்போதோ ஊர்ப்பொதுவாகிவிட்டது. உடம்போடு ஒட்டி உட்காரும் வளைவு, கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் மூன்று பிக்கப், திருகுபோட்டு முடுக்கிய கழுத்து, கம்பிகளை ஒருசேரத் தளர்த்தி இறுக்கும் ட்ரெமலோ கைப்பிடி எல்லாம் ஃபெண்டரின் மலிவு வரிசையான இருபது முப்பதாயிரம் ரூபாய் ஸ்க்வையரிலும் இருக்கின்றன. அதற்குமேல் விற்க ஃபெண்டரிடம் மிச்சம் இருப்பது, அந்தப் பழைய கிட்டாரின் விபத்துகளும் கோளாறுகளும்தான். ஆண்டுவிழாப் பதிப்பு என்று பொன்னெழுத்தில் பொறித்து அவற்றைத்தான் விற்கிறார்கள்.

சும்மா சொல்லவில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பிக்கப்புக்கு மூன்று நிலை என்று 1954இல் வைத்தார்கள். வாசித்தவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: சுவிட்சை இரண்டு நிலைக்கும் நடுவில் நிறுத்தினால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கின்றன, அதில் மூக்கடைத்த மாதிரி, கண்ணாடிக் கிளிங் மாதிரி ஒரு தனி நாதம் வருகிறது. ஆனால் சுவிட்ச் அங்கே நிற்காது, நழுவிவிடும். தீக்குச்சி செருகி நிறுத்தியவர்கள் உண்டு. பிக்கப் தேர்வுக்கு ஐந்து நிலை சுவிட்ச் வைக்க ஃபெண்டருக்கு 1977 வரை பிடித்தது. சரி, வைத்தார்கள். அப்புறம் 57, 62 என்று பழைய மாடல்களுக்கு மறுபதிப்பு போட்டபோது என்ன செய்தார்கள்? கிட்டாருக்குள் மூன்று நிலை சுவிட்சையே பொருத்திவிட்டு, ஐந்து நிலை சுவிட்சை ஒரு சின்னப் பையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். நோயைக் கொடுத்து, மருந்தைப் பொட்டலமாகக் கையில் தந்த கதை.

போட்டி நிறுவனமான கிப்சன் பக்கம் போனால் இன்னும் ருசி. 1958க்கும் 1960க்கும் இடையில் வந்த லெஸ் பால் சன்பர்ஸ்ட், எலக்ட்ரிக் கிட்டார் உலகத்தின் கோகினூர். ஓரத்தில் செம்பழுப்பு, நடுவில் மஞ்சள். அந்தச் சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். கடை ஜன்னலில் தொங்கிய கிட்டார்களில் சில எலுமிச்சை நிறத்துக்கே போய்விட்டன. இது குறை என்று கண்டு 1960இல் வெளுக்காத சாயத்துக்கு கிப்சன் மாறியது. இப்போதைய மறுபதிப்புகளில், பழைய சாயம் எந்த அளவு வெளுத்திருந்ததோ அந்த அளவு வெளுத்த நிறத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். வெளுப்புக்கு வெளுப்பு தனிப் பெயர், தனி மவுசு.

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த லெஸ் பாலுக்கு வேறொரு கதை. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் திசைமாறி உட்கார்ந்திருந்தது. அதனால் இரண்டு பிக்கப்பையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றின் அலை மற்றொன்றின் அலையைத் தின்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு மெலிந்த புலம்பல் வரும். அந்தக் கோளாறை வைத்துத்தான் பீட்டர் கிரீன் தன் வாசிப்பை அமைத்துக்கொண்டார். கிட்டார் அவரிடமிருந்து கேரி மூருக்குப் போய், இன்றைக்கு மெட்டாலிகாவின் கிர்க் ஹேமெட்டிடம் இருக்கிறது. கிப்சன் அதற்கும் மறுபதிப்பு போட்டது. காந்தத்தை வேண்டுமென்றே திருப்பி வைத்து.

நான் மிகவும் ரசிப்பது ‘ஆன்டிகுவா’ என்ற நிறத்தை. நடுவில் மங்கிய வெளிர்நிறம், ஓரமெல்லாம் சாம்பலும் பழுப்புமாகப் புகை படிந்த மாதிரி. அறுபதுகளின் கடைசியில் ஃபெண்டரின் கொரனாடோ கிட்டார்களில் ஓரப்பட்டை ஒட்டும் இடத்தில் மரம் கருகிப் போனது. அந்தக் கருகலை மறைக்கக் கண்டுபிடித்த பூச்சு இது. அடிபிடித்த சாம்பாரில் கொத்தமல்லியைத் தூவும் வித்தை. 2024இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் எழுபதாம் ஆண்டுவிழா வந்தபோது, விழாப் பதிப்புகளில் ஒன்று ஆன்டிகுவா நிறத்தில் வந்தது. கருகலே இல்லாத மரத்தின் மேல், கருகலை மறைக்கும் நிறம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் சொல்லலாம்: “பிழையோ சரியோ, அந்தக் காலத்துக் கைவண்ணம் இப்போது ஏது? அதைத்தானே பத்திரப்படுத்துகிறார்கள்?” அந்தக் காலத்துக் கைவண்ணம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்குப் படித்தவர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுது பார்த்தவர். அவருடைய மூளை முழுக்கப் பழுதுபார்ப்பவரின் மூளை. கழுத்தை ஏன் ஒட்டாமல் திருகு போட்டு முடுக்கினார்? கெட்டுப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். 1956 வாக்கில் ஆஷ் மரத்தை விட்டு ஏன் பெரும்பாலும் ஆல்டருக்குப் போனார்? பூச்சு எளிதில் ஏறும், தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். இன்றைக்கு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்றால் கிட்டார்க்காரர்கள் பரவசத்தோடு பேசுகிறார்கள். மரம் ‘மூச்சுவிடும்’ என்கிறார்கள். அது கார்களுக்கு அடித்த டுபோண்ட் பெயின்ட். சீக்கிரம் காயும் என்பதால் வாங்கினார். ஃபியஸ்டா ரெட் என்ற நிறம் ஃபோர்டு தண்டர்பேர்டு காரினுடையது, லேக் பிளாசிட் புளூ கேடிலாக் காரினுடையது. அந்த நிறங்கள் வேண்டுமென்றால் விலையில் ஐந்து சதவீதம் கூடக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் உள்ளே போனால், பிக்கப். ஆறு சின்னக் காந்தக் குச்சிகள், அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி எட்டாயிரம் சுற்று வாக்கில். தொழிற்சாலையில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் நிறைய. 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகைல் இபார்ரா அவர்களில் ஒருவர். எந்திரம் சுழலும், கம்பியை இவர்கள் விரலால் இழுத்துப் பிடித்து வழிநடத்துவார்கள். காலையில் ஒரு இறுக்கம், மத்தியானம் சோற்றுக்குப் பிறகு ஒரு இறுக்கம். சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றுபோல் இருக்காது. கிப்சனிலும் இதே கதைதான். ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்ற சீட்டு ஒட்டிய அந்தப் புகழ்பெற்ற ஹம்பக்கர் பிக்கப்புகளில் இரண்டு ஒன்றுபோல் ஒலிப்பது அபூர்வம்.

அப்படியானால் ‘1954இன் ஒலி’ என்று எதைச் சொல்கிறார்கள்? எந்த 1954? அபிகைல் இபார்ரா ஓய்வுபெறும்வரை கஸ்டம் ஷாப்பில் வேலை செய்தார். அவர் கையால் சுற்றிய பிக்கப் என்றாலே தனி விலை. அதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அது ஒரு தொழிலாளியின் கை. ஆனால் நிறுவனம் விற்றது அவரது தேர்ச்சியை மட்டும்தானா? ஐம்பதுகளில் எண்ண நேரமில்லாமல் அவர் சுற்றியதில் வந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்து ‘பழைய மந்திரம்’ என்று விற்றது. கடையில் 249 டாலர் 50 சென்டுக்குத் தொங்கிய சாமான் அது. இன்றைய பணமதிப்பில் ஏறத்தாழ 3,000 டாலர். இன்றைக்கு அமெரிக்காவில் செய்யும் சாதாரண ஸ்ட்ராட் அதைவிட மலிவு, கஸ்டம் ஷாப் மறுபதிப்பு அதைவிட எட்டாத உயரம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபதிப்பு என்ற எண்ணமே மோசடியாகப் பிறக்கவில்லை. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. எழுபதுகளில் தரம் சரிந்தது. ஜப்பானில் டோக்காய் போன்றவர்கள் பழைய ஃபெண்டரை ஃபெண்டரைவிட நன்றாகச் செய்து விற்றார்கள். 1981இல் புதிதாக வந்த நிர்வாகிகள், பழைய மாடல்களை மறுபடி செய்யலாம் என்று இறங்கினபோது, அளவெடுக்கப் பழைய கிட்டார்களை வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தன் குழந்தையைத் தானே விலைக்கு வாங்கிய நிலை. அந்த மறுபதிப்பு ஒரு மன்னிப்புக் கடிதம். ‘நாங்கள் செய்யத் தெரிந்ததை மறந்துவிட்டோம், திரும்பக் கற்றுக்கொள்கிறோம்’ என்றது. வாசிக்கிறவனுக்கு நல்ல கருவி கிடைத்தது. எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. கற்றுக்கொண்ட பிறகும் அதே கடிதத்தைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை தங்கச் சரிகை போட்டு அச்சடிப்பதில்தான் புகார்.

இனி அந்த ‘எண்ணிக்கை’ விவகாரம்.

கிப்சனின் ஃபிளையிங் வி கிட்டார் 1958இல் 81, 1959இல் 17. மொத்தம் 98. ஏன் 98? யாரும் கேட்கவில்லை. அம்பு மாதிரி இருந்த அந்த உருவத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். லெஸ் பால் சன்பர்ஸ்ட் மூன்று வருடத்தில் ஆயிரத்து ஐந்நூறு வாக்கில்தான் வந்தது. ஏன்? விற்கவில்லை, கனம் அதிகம், நிறுத்திவிட்டு இரட்டைக் கொம்பு வைத்த மெல்லிய உடம்புக்கு மாறினார்கள். 1966இல் எரிக் கிளாப்டன் ஜான் மயாலின் இசைத்தட்டில் அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். அதற்குள் எத்தனையோ கிட்டார்களின் பிக்கப்பை மாற்றியாகிவிட்டது, பூச்சைச் சுரண்டியாகிவிட்டது, தலை முறிந்து ஒட்டியாகிவிட்டது. மிஞ்சியவைதான் இன்று இலட்சக்கணக்கான டாலர்.

அரிது என்பது இப்படி உண்டாவது. முதலில் யாரும் மதிக்கக் கூடாது. அலட்சியமாகக் கையாள வேண்டும். பாதி அழிய வேண்டும். அப்புறம் ஒருவன் வந்து மீதியை உயர்த்திக் காட்ட வேண்டும்.

ஆண்டுவிழாப் பதிப்பில் இதில் எது நடக்கும்? 1994இல் ஸ்ட்ராட்டின் நாற்பதாம் ஆண்டுக்கு ஃபெண்டர் 1954 மாடலை 1,954 எண்ணிக்கையில் செய்தது. ஏன் 1,954? மரம் தீர்ந்துவிட்டதா, ஆள் கிடைக்கவில்லையா? காலண்டரைப் பார்த்து வைத்த எண். வாங்கிய ஒவ்வொருவரும் அது ஏறும் என்று நம்பி வாங்கினார்கள். ஆகவே பெட்டியை விட்டு எடுக்கவில்லை, சான்றிதழைத் தொலைக்கவில்லை, விலைச்சீட்டைக்கூட அவிழ்க்கவில்லை. இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் அந்த 1,954இல் பெரும்பகுதி அப்படியே இருக்கும். எல்லோரும் பத்திரப்படுத்திய சாமான் ஒருநாளும் அரிதாகாது. ஏறும் என்ற நம்பிக்கையே ஏறவிடாமல் பிடித்து வைக்கிறது.

போதாததற்குப் போட்டிக்காரர் யார் என்று பாருங்கள்: விற்ற நிறுவனமே. கிப்சன் 1993இல் 59 மாடல் லெஸ் பாலை முன்னைவிடத் துல்லியமாகச் செய்வதாகச் சொன்னது. 2013இல் பழைய பாணிப் பசை. 2015இல் ‘ட்ரூ ஹிஸ்டாரிக்’. அப்படியானால் முன்பு விற்றது பொய் ஹிஸ்டாரிக்கா என்று யாரும் கேட்கவில்லை. 2019இல் அறுபதாம் ஆண்டுப் பதிப்பு. 2021இல், கிட்டாரைப் பழசாக்குவதில் பேர்போன டாம் மர்ஃபியின் பெயரில் மர்ஃபி லேப். அதில் தேய்மானத்துக்கே நான்கு தரம், இலேசான இலேசிலிருந்து கடுமையான கடுமை வரை. ஒவ்வொரு முறையும் ‘இதுதான் அசலுக்கு ஆக நெருக்கம்’ என்கிறார்கள். போன தடவை இதுதான் அசல் என்று நம்பி வாங்கியவரின் கிட்டார், புதுசு வரும்போது ஒரு படி கீழே இறங்குகிறது. தங்கம் விற்றவனே அடுத்த வருடம் வந்து ‘போன வருடம் தந்தது கொஞ்சம் செம்பு கலந்தது’ என்று சொல்வதை எந்த நகைக்கடையில் பொறுப்போம்?

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இப்படி ஒரு ஆண்டுவிழாக் கிட்டார் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினார். முதலில் கை கழுவச் சொன்னார். பிறகு பீரோவுக்கு மேலிருந்து பெட்டியை இறக்கி, மெத்தைமேல் வைத்து, ஐந்து தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாக நெம்பினார். உள்ளே ஆரஞ்சு நிற வெல்வெட். கிட்டாரின் வெள்ளை பிக்கார்டின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் காற்றுக் குமிழி. ஓரங்களில் ஆறேழு சிலிக்கா ஜெல் பொட்டலம். இரண்டு, செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்தவை. கம்பியைத் தொட்டேன். சொரசொரவென்று இருந்தது. விரல் நுனியைப் பார்த்தால் கறுப்பாக ஒரு கோடு. உப்புக் காற்று சிலிக்கா ஜெல்லுக்குப் பயப்படவில்லை.

“கம்பி மாத்தலையா?” என்றேன்.

“கம்பெனில போட்ட கம்பி சார் அது. மாத்தினா ஒரிஜினல் இல்லாம போயிடும்ல?”

ஒரிஜினல். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தூரம் போகலாம்.

எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்களை மொத்தமாக மலிவில் வாங்கினார். அப்போது ஸ்ட்ராட்டுக்கு மவுசில்லை. சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றைக் கழற்றி, ஒன்றின் உடம்பு, ஒன்றின் கழுத்து, ஒன்றின் பிக்கப் என்று நல்லதைப் பொறுக்கிச் சேர்த்தார். அதுதான் ‘பிளாக்கி’. பழம்பொருள் சேகரிப்பவரின் அகராதிப்படி அது ஒரிஜினலே கிடையாது. மூன்று பிணத்திலிருந்து தைத்த உடம்பு. 2004இல் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. 2006இல் ஃபெண்டர் அதை 275 பிரதி எடுத்தது, ஒவ்வொன்றும் இருபதாயிரம் டாலருக்குமேல். சிகரெட் சுட்ட வடுவரைக்கும் நகல். வாங்கிய 275 பேரில் எத்தனை பேர் அதைக் கழற்றிப் பிடித்த பாகத்தை மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கிளாப்டன் செய்த ஒரே காரியம் அதுதான். அதை மட்டும் செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை.

பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் வைத்திருந்த கறுப்பு ஸ்ட்ராட்டும் அப்படித்தான். 1970இல் நியூயார்க்கில் வாங்கியது. கழுத்தைப் பல தடவை மாற்றினார், பிக்கப் மாற்றினார், துளை போட்டார், அடைத்தார். 2019இல் தன் கிட்டார்களை ஏலம் விட்டபோது, 0001 என்ற எண்ணிட்ட 1954 ஸ்ட்ராட்டும் அவரிடம் இருந்தது. அது 18 இலட்சம் டாலரைத் தாண்டியது. குத்திக் குதறிய கறுப்பு, ஏறத்தாழ 40 இலட்சத்துக்குப் போனது. ‘தொடாதே’ என்று சொல்லும் சந்தையே, தொட்டுக் கெடுத்ததற்குத்தான் இரட்டிப்பு கொடுத்தது.

எடி வான் ஹேலன் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஐம்பது டாலர் உடம்பு, எண்பது டாலர் கழுத்து, பழைய கிப்சனிலிருந்து பிடுங்கிய பிக்கப், சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்ட், கோடு போட ஒட்டுநாடா. ட்ரெமலோ பின்னால் சாயாமல் இருக்க அடியில் ஒரு கால் டாலர் நாணயத்தைத் திருகி வைத்தார். 2007இல் ஃபெண்டர் இதை 300 பிரதி எடுத்தது, விலை 25,000 டாலர். அந்த நாணயம்? 1971ஆம் வருடத்து நாணயமாகவே தேடிப் பிடித்து, முந்நூறிலும் வைத்தார்கள். எடியின் பையில் கைவிட்டபோது கிடைத்த சில்லறை, இப்போது விவரப்பட்டியலில் ஒரு வரி.

சிபிஎஸ் காலத்துக் கிட்டார் என்றால் மூக்கைச் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட், அந்தச் சிபிஎஸ் காலத்தில் செய்தது. கடையில் கிடைத்ததை வாங்கினார், தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார், வாசித்தார். இப்போது அதற்கும் நகல் உண்டு.

ஒலியைப் பற்றி இரண்டு வார்த்தை. மரம், பூச்சு, பசை ஆகியவற்றுக்கு எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியில் எத்தனை பங்கு என்று ஊரெல்லாம் சண்டை. அதற்குள் நான் போகவில்லை. அதைவிட மரத்தை நம்பிப் பிழைக்கும் கருவி வயலின். கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2010இல் இண்டியானாபோலிசிலும் 2012இல் பாரிசிலும், தேர்ந்த வயலின் கலைஞர்களிடம் கண்ணை மறைத்து, ஸ்ட்ராடிவாரியஸ் உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதுசையும் கொடுத்து வாசிக்கச் சொன்னது. எது பழசு என்று சொல்ல முடியவில்லை. பிடித்தது எது என்று கேட்டபோது புதுசுக்கே அதிகம் கை தூக்கினார்கள். முந்நூறு வருடத்து வயலினுக்கே இந்தக் கதி. ஆம்ப், மிதிபெட்டி, ஸ்பீக்கர், மேடை, அதற்குமேல் வாசிக்கிற விரல் என்று அத்தனையையும் தாண்டி வரும் எலக்ட்ரிக் ஒலியில் ‘59இன் பசை’ கேட்கிறது என்பவரின் காதுக்கு என் வணக்கம்.

சரி, ஆணி முதல் அசல் என்கிறார்களே, அதாவது உண்மையா? அறுபதுகளின் தொடக்கத்து ஸ்ட்ராட்டில் விரல் ஓடும் பலகை பிரேசில் ரோஸ்வுட். அந்த மரத்தின் உலக வணிகத்தை 1992இல் தடை செய்துவிட்டார்கள். மறுபதிப்புகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்பதும் அதுதான். அதுவும் அருகிப் போகிறது என்று தமிழ்நாட்டில் 1994இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2011இல் இந்திய ரோஸ்வுட், கருங்காலிப் பலகைகள் தொடர்பாக அமெரிக்க அதிகாரிகள் கிப்சனின் இடங்களில் சோதனை போட்டார்கள். மடகாஸ்கர் கருங்காலியைப் பற்றிய முந்தைய வழக்கோடு சேர்த்து, 2012இல் 3 இலட்சம் டாலர் அபராதம் கட்டி கிப்சன் சமரசத்துக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் 1962ஐத் தத்ரூபமாகத் திரும்பப் படைப்பதாகச் சொல்லும் கிட்டாரின் மேல், விரல் படும் இடமே வேறொரு மலையின் மரம். அந்த மரம் நன்றாகவே ஒலிக்கிறது, அதில் குறையில்லை. ‘அப்படியே’ என்ற சொல்தான் குறை.

ஆசைப்பட்டு வாங்குவதில் என்ன தப்பு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இந்தக் கிட்டார்களில் பல, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத வேலைப்பாடு கொண்டவை. பதினெட்டு வயதில் போஸ்டரில் பார்த்ததை ஐம்பது வயதில் வாங்கும் சந்தோஷத்தைக் கிண்டல் செய்யும் அளவுக்கு நான் பெரிய ஆளும் இல்லை. வாங்குங்கள். அந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, துருப்பிடித்த கம்பியை அறுத்தெறிந்துவிட்டு வாசியுங்கள். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கல்லாகர் 1963இல் கார்க் நகரத்தில் நூறு பவுண்டுக்குத் தவணையில் வாங்கிய ஸ்ட்ராட்டின் பூச்சை அவருடைய வியர்வைதான் தின்றது. அதற்கும் கஸ்டம் ஷாப் நகல் உண்டு, யாருடைய வியர்வையும் படாத நகல்.

நண்பர் வீட்டுக்குத் திரும்புகிறேன். கிட்டாரைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்கி, சட்டை பட்டன் உரசாமல் இருக்க மடியில் ஒரு துண்டை விரித்துக் கொடுத்தார். ஆம்ப் எங்கே என்றேன்.

“பொண்ணு ரூம்ல இருக்கு. இதை இதுவரைக்கும் அதுல செருகினதில்ல சார்.”

பக்கத்து அறையில் அந்தப் பெண் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். நான்கு சுரத்தை வாசிப்பாள், ஐந்தாவதில் தடுக்கும், மறுபடி முதலிலிருந்து. எட்டிப் பார்த்தோம். கையில் இந்தோனேசியாவில் செய்த, பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு சிவப்புக் கிட்டார். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வாங்கியதாம். தலையின் முனையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. எழுந்து திரும்பும்போது ஓடுகிற மின்விசிறியில் பட்டுவிட்டதாம். பெயர்ந்த இடத்தில் ஊதா நகப்பூச்சைத் தடவி வைத்திருந்தாள். மூன்று நிலைக்கும் நடுவில் எங்கோ சுவிட்ச் நிற்காமல் நழுவியதால், அதன் அடியில் மடித்த பஸ் டிக்கெட் ஒன்று.

“பாருங்க சார், எப்படி வெச்சிருக்கா,” என்றார் நண்பர். “அதனாலதான் அந்தப் பெட்டி சாவிய என்கிட்டயே வெச்சிருக்கேன்.”